கூம்பு வீடுகளின் ஊர்



அரசாங்கம் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது? குடிமைப் பாடத்தில் இந்த வினா ஆண்டுதோறும் வரும். மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாக இருப்பதற்கு என்று நீங்கள் விடை எழுதியிருப்பீர்கள். நான் ஆசிரியனாக இருந்த நாட்களில் அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தவன்தான். ஓய்வு பெற்ற பிறகு, நிதானமாகப் படிக்க நேரம் வாய்த்தபோது, அந்த விடை போதுமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. காவல் நிலையம் கண்ணுக்கெட்டாத ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. பத்திரம் என்ற ஒன்றையே காணாமல் தலைமுறை தலைமுறையாக உழப்பட்டு வந்த நிலங்களும் உண்டு. அங்கே உயிருக்கும் உடைமைக்கும் காவல் எது? இந்த வினாவுக்கு விடை தேடி, இந்தோனேசிய நாட்டின் மலையூர் ஒன்றுக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இந்தோனேசியாவின் படத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். ஜாவாவுக்குக் கிழக்கே பாலி, அதற்குக் கிழக்கே லொம்போக், சும்பாவா, பெரும் பல்லிகளுக்குப் பெயர்போன கொமோடோ. அதையும் தாண்டினால் புளோரஸ் என்ற நீண்ட தீவு. போர்த்துகீசியர் இட்ட பெயர். மலர்கள் என்று பொருள். அத்தீவின் மேற்குப் பகுதியில் வாழும் மக்களை மாங்கராய் மக்கள் என்பர். மாங்கராய் நாட்டின் தென்பகுதியில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது வாயே ரெபோ என்னும் ஊர். வாயே என்றால் அவர்கள் மொழியில் நீர். ஊர்தி செல்லும் பாதை மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் காட்டுவழியே இரண்டு மூன்று மணி நேரம் ஏறவேண்டும். அரிசியும் மண்ணெண்ணெயும் அந்த வழியில்தான் தோளேறி மேலே போகின்றன. காப்பிக்கொட்டை அதே வழியில் கீழே வருகிறது.

காடு விலகியதும் ஏழு பெரிய கூம்புகள் கண்ணில் படும். நெல் தூற்றிக் குவித்த பொலிகள் ஏழு, வட்டமான முற்றம் ஒன்றை வளைத்து நிற்பதுபோல் இருக்கும். அவையே வீடுகள். ம்பாரு நியாங் என்பது அவற்றின் பெயர். சுவர் என்று தனியாக ஒன்றும் இல்லை. கூரையே நிலம் வரை இறங்கிச் சுவராகிவிடுகிறது. முற்றத்தின் நடுவில் சொம்பாங் எனப்படும் வட்டக் கல்மேடை, முன்னோருக்கு உரிய பீடமாக நிற்கிறது. இம்மக்கள் கத்தோலிக்க சமயத்தினர். முன்னோர் வழிபாட்டையும் அவர்கள் கைவிடவில்லை. வெளியூரார் யார் வந்தாலும் முதலில் தலைமை வீட்டுக்குள் சென்று, மூத்தவர் முன் அமர்ந்து, அவர் முன்னோரிடம் வந்தவரைப்பற்றிச் சொல்லி முடித்த பிறகே ஊரில் நடமாடலாம். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பது இதனால் ஊர் முழுதும் தெரிந்துவிடுகிறது. வழிபாடும் காவலும் இங்கே ஒரே செயலாக நிகழ்கின்றன.

இவ்வூரை நிறுவியவர் மாரோ என்ற முன்னோர் என்றும், அவர் வழியினர் சுமத்ராவின் மினாங்கபாவு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும் ஊரார் சொல்கிறார்கள். மரநாய் ஒன்று வரவிருந்த ஆபத்தை அவர்களுக்கு உணர்த்தியதாம். ஆகவே இன்றும் அவர்கள் மரநாயின் இறைச்சியைத் தொடுவதில்லை. வரலாற்றாசிரியர் இதை எவ்வளவு ஏற்பாரோ, அது வேறு. பகைக்கு அஞ்சி இடம் மாறி மாறி வந்தவர்கள் என்ற நினைவு அவ்வூரில் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் தெளிவு.

ஒரு வீட்டினுள் நுழைவோம். தலைமை வீட்டில் எட்டுக் குடும்பங்களும் மற்ற வீடுகளில் ஆறு ஆறு குடும்பங்களும் வாழ்வதற்கு இடம் வகுத்திருக்கிறார்கள். வட்டச் சுவரோரமாகச் சிறு சிறு அறைகள். நடுவில் எல்லாருக்கும் பொதுவான அடுப்புகள். தலைக்கு மேலே மூங்கிலும் மரமும் கொண்டு அமைத்த பரண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உச்சிவரை செல்கின்றன. மொத்தம் ஐந்து தட்டுகள். தரைத்தட்டில் மக்கள் வாழ்கிறார்கள். இரண்டாவது தட்டு அன்றாட உணவுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் உரியது. மூன்றாவது தட்டில் இருப்பது விதை. நான்காவது தட்டு, மழை பொய்த்த காலத்துக்கென்று ஒதுக்கிய உணவு. ஐந்தாவது, உச்சித் தட்டு, முன்னோருக்குப் படைக்கும் இடம்.

இந்த வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று உண்ணும் உணவு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. நாளை விதைக்க வேண்டியது அதற்கும் மேலே. பஞ்சத்துக்குரியது இன்னும் மேலே. பசித்தவன் கை முதலில் விதையைத் தொட்டுவிடாதபடி கட்டிடமே தடுக்கிறது! அடுப்பின் புகை எழுந்து தட்டுத் தட்டாகப் பரவுகிறது. அது விதையில் பூச்சி விழாமல் காக்கிறது. கூரைப் புல்லையும் பிரம்புக் கட்டுகளையும் உலர்த்திக் கெட்டிப்படுத்துகிறது. அதே புகை பெண்களின் கண்ணையும் குழந்தைகளின் நெஞ்சையும் வருத்தும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் புகையில் வாழ்வது உடல்நலத்துக்குக் கேடு என்று டச்சு ஆட்சிக் காலத்து அதிகாரிகள் கருதினார்கள். அவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் அதன் விளைவாகவும், காலப்போக்கில் தகரக் கூரை மலிந்ததாலும், மாங்கராய் நாட்டின் மற்ற ஊர்களில் இவ்வகை வட்ட வீடுகள் 20-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்தே போயின.

இவ்வீடுகளில் ஆணி கிடையாது. மரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பிரம்பால் கட்டுகிறார்கள். புளோரஸ் நிலநடுக்கத்துக்கு உள்ளாகும் தீவு. 1992 டிசம்பர் 12-ஆம் நாள் அத்தீவின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்த பெரு நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்து எழுந்த கடற்கோளிலும் 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலம் அதிரும்போது இறுகப் பிணைத்த மூட்டு பிளக்கும். பிரம்புக் கட்டோ சற்றே இளகிக் கொடுத்து மீண்டும் நிலைக்கும். காற்றுக்கும் கூம்பு வடிவம் வழிவிடும்.

நெருப்புக்கு மட்டும் இந்த வீடு எதிர்நிற்க முடியாது. உலர்ந்த புல், மூங்கில், நடுவே அடுப்பு! இதே புளோரஸ் தீவில், ஙாடா மக்கள் வாழும் குருசினா என்ற பழமையான ஊரில் 2018 ஆகஸ்ட் 13-ஆம் நாள் தீப்பற்றியது. 27 வீடுகள் சாம்பலாயின. வீட்டோடு, தலைமுறைகளாகக் காத்துவந்த மரபுப் பொருள்களும் போயின. பிறகு அவ்வூர் பழைய முறையிலேயே மீண்டும் கட்டப்பட்டது. பழைமை என்பதற்காகவே ஒன்றைப் பாதுகாப்பானது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இனி உடைமைக்கு வருவோம். மாங்கராய் மக்களைக் கேட்டால், ஊர் என்பது ஐந்து பொருள்களால் ஆனது என்பார்கள். குடியிருக்க வீடு, குழந்தைகள் விளையாட முற்றம், நீர் முகக்க ஊற்று, உழைக்க வயல், வழிபடப் பீடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஊர் ஊராகாது. இவற்றுள் வயலைப் பங்கிடும் முறைதான் உலகத்தார் வியப்பது. அதன் பெயர் லிங்கோ.

ருத்தெங் நகருக்கு மேற்கே சன்சார் என்ற இடத்தில் ஒரு குன்றின்மேல் ஏறி நின்றால், கீழே நெல்வயல்கள் பெரிய சிலந்தி வலைகளைப் போலத் தெரியும். சதுரமும் நீள்சதுரமுமான வயல்களையே கண்டு பழகிய நமக்கு அது விந்தையான காட்சி. அதன் காரணம் இதுதான். புதிய நிலத்தைத் திருத்தும்போது அதன் நடுவில் ஒரு மர முளையை நடுகிறார்கள். அந்த நடு இடம் லோடொக் எனப்படும். நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் பெற்ற மூத்தவர் ஒருவர் உண்டு. அவரைத் துஆ தெனோ என்பர். ஊர்த் தலைவர் வேறு, இவர் வேறு. பலியிட்டு வழிபட்ட பிறகு அவர் முளையைச் சுற்றிக் கைவிரலால் அளக்கிறார். ஒரு குடும்பத்துக்கு இத்தனை விரல் என்பது முறை. விரல் அளவின் இரு ஓரங்களிலிருந்தும் வெளியெல்லை வரை இரண்டு கோடுகள் இழுத்தால், அவற்றுக்கு இடைப்பட்ட கீற்று அக்குடும்பத்துக்குரியது.

கணக்கு ஆசிரியனாகப் பல ஆண்டுகள் வட்டக்கோணப் பகுதிப் பாடம் நடத்தியவன் நான். “இது எதற்கு ஐயா பயன்படும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடிகாரத்தையும் கைவிசிறியையும் காட்டித் தப்பித்துக்கொள்வேன். லிங்கோவை அன்று அறிந்திருந்தால் அவர்களுக்கு நல்ல விடை சொல்லியிருப்பேன். இப்போதாவது ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்வன. முளையைச் சுற்றி 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். விரலின் அகலம் 2 சென்டிமீட்டர். நிலத்தின் வெளியெல்லை முளையிலிருந்து 100 மீட்டர் தொலைவு. ஆரம் ஆயிரம் மடங்கு பெருகுகிறது. ஆகவே முளையருகே 2 சென்டிமீட்டராக இருந்தது வெளியெல்லையில் 20 மீட்டராக விரிகிறது. கீற்றின் பரப்பு ஆரத்தில் பாதியை வில்லின் நீளத்தால் பெருக்கினால் கிடைக்கும்: 50 பெருக்கல் 20, ஆயிரம் சதுர மீட்டர். நம் அளவில் ஏறத்தாழ 25 சென்ட். ஒரு விரலுக்குக் கால் ஏக்கர்!

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. விரல் இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கும், வெளிவேலியின் நீளமும் இரட்டிக்கும். அதிக நிலம் பெற்றவன் முன்னேதான் அதிக வேலியும் இருக்கும். பன்றியும் எருமையும் புகாமல் காக்கவேண்டிய பொறுப்பு பங்கின் அளவோடு தானே பொருந்திவிடுகிறது. வரப்புச் சண்டையில் பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொள்வதைக் கண்ட யாருக்கும் இந்த ஏற்பாடு பிடித்துப்போகும். இன்னொரு நுட்பம், பிழையைப் பற்றியது. முளையருகே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், நம் கணக்குப்படி வெளியெல்லையில் ஒரு மீட்டர் பிசகும். அளப்பவன் கை கோணினால் ஒருவன் ஏமாற, இன்னொருவன் கொழுப்பான். அதனாலேதான் அளத்தல் தனியே நடப்பதில்லை. ஊர் கூடியிருக்கிறது; பலியும் வழிபாடும் நடக்கின்றன; எல்லார் கண்ணும் அந்த ஒரு விரலின்மேல் இருக்கிறது. பத்திரமும் முத்திரையும் இல்லாத இடத்தில் சாட்சியே பத்திரம்.

இவ்வளவு சொன்னவன் ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது. இந்த முளையிலிருந்து புறப்படும் கோடுகள் ஆண்மக்களை நோக்கியே செல்கின்றன. மாங்கராய் வழக்கில் மகன் உள்ளே இருப்பவன். மகள் வெளியே போகிறவள். மணமாகிக் கணவன் ஊருக்குச் செல்லும் பெண்ணுக்குப் பிறந்த ஊர் நிலத்தில் பங்கு கிடைப்பது மரபில் இல்லை. அவள் பொருட்டு மணமகன் வீட்டார் தரும் பரிசப் பொருளோ அவள் கைக்கு வருவதில்லை. அது பெற்றோர் குடும்பத்துக்குப் போகிறது. விரலால் அளக்கும் அழகிய நீதி, வீட்டின் பாதிப் பேரை அளக்காமல் விட்டுவிடுகிறது. அவர்கள் மூதாதையர் என்று சொல்லப்படும் மினாங்கபாவு மக்களிடையே குடும்ப நிலம் தாய்வழியாக மகளுக்கே செல்கிறது என்பதை நினைத்தால், மரபு என்பது எவ்வளவு மாறக்கூடியது என்பது விளங்கும்.

சாட்சியே பத்திரம் என்றேன். உள்ளூரில் அது செல்லும். வெளியிலிருந்து பேரதிகாரம் ஒன்று வந்து, “உன் பத்திரம் எங்கே?” என்று கேட்டால்? 1870-இல் டச்சு அரசு ஜாவாவில் ஓர் ஆணை பிறப்பித்தது: உரிமை மெய்ப்பிக்கப்படாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்பது அதன் சாரம். பின்னர் மற்ற தீவுகளுக்கும் இந்தக் கொள்கை நீண்டது. விடுதலைக்குப் பின் 1960-இல் இயற்றப்பட்ட நிலச் சட்டம் அந்த ஆணையை நீக்கி, மரபுவழி உரிமையை ஏற்றது. நாட்டு நலனுக்கு முரணாகாத வரையில் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. காடுகளைப் பொறுத்தவரை அந்த நிபந்தனையே ஆட்சி செய்தது. 1999-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம், மரபுவழிக் காடு என்பது மரபுச் சமூகத்தின் எல்லைக்குள் அமைந்த அரசுக் காடு என்று வரையறுத்தது. மூதாதையர் நட்ட மரத்தின் நிழலிலேயே மக்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

இதன் விளைவை மாங்கராய் நாடு குருதியால் அறிந்தது. அங்கே சொலோல் என்ற மலையூர் காப்பிக்குப் பேர்போனது. டச்சு ஆட்சியிலேயே, 1937-இல் நடந்த தோட்டப் போட்டியில் அவ்வூரார் பரிசுக் கொடி பெற்றவர்கள். காப்பித் தோட்டங்கள் காப்புக் காட்டின் எல்லைக்குள் இருக்கின்றன என்று கூறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் செடிகளை வெட்டிச் சாய்த்தது. காப்பிச் செடி நட்டால் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். வெட்ட ஒரு கணம் போதும். எதிர்த்தவர்கள் கைதானார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 2004 மார்ச் 10-ஆம் நாள் ருத்தெங் காவல் நிலையத்துக்கு உழவர்கள் திரண்டு வந்தார்கள். போலீசார் சுட்டனர். உழவர் சிலர் அங்கேயே உயிர் துறந்தனர், பலர் ஊனமுற்றனர். உயிரையும் உடைமையையும் காப்பது அரசு என்று எழுதிய நம் விடைத்தாளை இந்த இடத்தில் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.

அதே நாட்டில்தான் மற்றொன்றும் நடந்தது. தீவுகள் தோறும் சிதறிக் கிடந்த மரபுச் சமூகங்கள் 1999-இல் ஒரு கூட்டமைப்பை நிறுவியிருந்தன. அவ்வமைப்பு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2013 மே 16-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மரபுவழிக் காட்டை வரையறுத்த வாசகத்திலிருந்து “அரசு” என்ற ஒரே சொல்லை நீதிபதிகள் நீக்கினார்கள். அரசுக் காடு என்றிருந்தது வெறும் காடு ஆயிற்று. மரபுச் சமூகத்தின் காடு அச்சமூகத்துக்கே உரியது என்றாயிற்று. இலக்கணம் படிக்கும் மாணவர்களே, ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தீர்ப்பு வந்ததும் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. ஒவ்வொரு சமூகமும் தான் ஒரு மரபுச் சமூகமே என்று உள்ளூர் ஆட்சியின் ஒப்புதல் பெற்று, எல்லையை வரைபடமாக்கி, அமைச்சகத்தின் ஆணையும் பெறவேண்டும். விரலால் அளந்த நிலத்தைக் காகிதத்தில் அளக்கும் வேலை அது, மெல்லத்தான் நடக்கிறது.

வாயே ரெபோவுக்குத் திரும்புவோம். அங்கே ஆபத்து வேறு உருவில் வந்தது. யாரும் சுடவில்லை, யாரும் வெட்டவில்லை. பள்ளிக்கூடம் மலையடிவாரத்தில் இருந்தது; அவ்வளவுதான். ஆறு வயதானதும் பிள்ளைகள் கீழே கொம்போ என்ற துணையூருக்குச் சென்று, உறவினரோடு தங்கிப் படிக்கவேண்டும். சில வீடுகளில் தாயும் உடன் இறங்குவாள். வயலும் வீடும் மேலே, பிள்ளையும் பாடமும் கீழே. மரம் தேர்வதும் பிரம்பு கட்டுவதும் தந்தையின் பக்கத்தில் நின்று கற்கவேண்டிய கல்வி. அதைக் கற்கும் வயதில் பிள்ளைகள் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் இருந்தார்கள். இதை நான் மனக்கூச்சத்தோடுதான் சொல்கிறேன். பள்ளி வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. பள்ளியால் எதுவும் இழக்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது.

2008-இல் யோரி அந்தார் என்ற இந்தோனேசியக் கட்டிடக் கலைஞர் தம் தோழர்களோடு அங்கே சென்றபோது, ஏழு வீடுகள் இருக்கவேண்டிய இடத்தில் நான்கே நின்றன. பெரிய வீடு ஒன்றை அடியிலிருந்து கட்டிய அனுபவம் ஊரில் அருகிப்போயிருந்தது. மரமும் பிரம்பும் புல்லும் காட்டில் இருந்தன. கைத்திறன்தான் அழியும் நிலையில் இருந்தது. நகரத்திலிருந்து ஆட்களை அனுப்பி ஏழையும் கட்டித் தந்திருக்கலாம். அவ்வாறு அவர்கள் செய்யவில்லை. பொருளுதவியை வெளியிலிருந்து திரட்டினார்கள். கட்டுகிறவர்கள் ஊராராகவே இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். மூத்தவர்கள் சொல்ல, இளைஞர்கள் செய்தார்கள். கட்டிடக் கலை மாணவர்கள் மலையேறி வந்து, ஒவ்வொரு தூணையும் கட்டையும் அளந்து வரைந்துகொண்டார்கள். 2011-க்குள் இல்லாமற்போன மூன்று வீடுகளும் எழுந்துவிட்டன. 2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் பகுதியின் மரபுரிமைப் பாதுகாப்புக்கான உயரிய விருதை இப்பணிக்கு வழங்கியது.

அதன் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் பயணிகள் ஏறி வருகிறார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே கூம்பு வீட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டணத்தை ஊர் பொதுவாகப் பெறுகிறது. காப்பி விற்பதற்குக் கீழே இறங்கவேண்டிய தேவை ஓரளவு குறைந்திருக்கிறது. நவம்பரில் அறுவடை நன்றிப் பெருவிழாவாகிய பெந்தி நடக்கும்போது, கீழே குடியேறியவர்களும் மேலே வருகிறார்கள். முற்றத்தில் கேடயமும் சாட்டையும் ஏந்தி ஆடவர் ஆடும் சாசி ஆட்டம் நிகழும். ஊற்றுக்கும் பீடத்துக்கும் வீட்டுக்கும் தனித்தனியே வழிபாடு நடக்கும்.

விழா முடிந்தபின் பிள்ளைகள் புத்தகப் பையோடு காட்டுவழியே கொம்போவுக்கு இறங்குவார்கள். அடுத்த விடுமுறை வரை அங்கேதான் அவர்களுக்குப் பள்ளியும் இருப்பும்.